ஒன்பது வருஷத்து விருந்தாளி

செல்லக்கிளி அக்கா பிறந்தது மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில். திருச்சியை அவர் முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது. 1955 தை மாதம் கணவர் தங்கையனோடு நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கி ரயிலேறி வந்தார். தங்கையன் துறையூர்க்காரர், பதினெட்டு வயதில் வெறுங்கையோடு மலாயா போனவர். ஈப்போவில் மாடு வைத்துப் பால் ஊற்றியே கடைத்தெருவில் மூன்று கடை கட்டி வாடகைக்கு விட்டார். இருமினால் ரத்தம் வர ஆரம்பித்ததும் ஊரைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பி வந்தார். பார்த்தார். ஐப்பசியில் செத்துப்போனார். பிள்ளை இல்லை.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததை அக்கா என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் ஒரு சொல் கூட மாறவில்லை.

எங்கள் பக்கத்தில் கருமாதியன்று செத்தவரின் வாரிசுக்குத் தலையில் புதுத் துணி கட்டுவோம். உருமால் கட்டுவது என்று பெயர். யார் தலையில் உருமால் ஏறுகிறதோ அவர் கைக்குச் செத்தவரின் வீடு வாசல் போய்விடும். துணியை எடுத்துவர வேண்டியவர்கள் பெண் கொடுத்த வீட்டார். அக்காவுக்கு இந்தியாவில் பிறந்த வீடு என்று ஒன்று கிடையாது.

தங்கையனின் அண்ணன் அழகர்சாமி, துறையூரில் கடலைக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். "உன் பக்கம் முறை செய்ய யாரு இருக்கா? நீயே எடுத்துக் குடுத்துடு" என்றார். அக்கா கை மோதிரத்தை விற்று, சரிகைக் கரை போட்ட உருமால் ஒன்று வாங்கி வந்தார். பிள்ளை இல்லாத தம்பிக்கு வாரிசு நான்தான் என்று அழகர்சாமி அதைத் தன் தலையில் கட்டிக்கொண்டார். கட்டிய கையோடு எழுந்து நின்றார்.

"எங்க குடும்பக் காசுலதான் என் தம்பி கப்பல் ஏறினான். அங்க இருக்கற மூணு கடையும் குடும்பச் சொத்து. குடும்பத்துக்குப் பெரியவன் நான். இந்த மலாயாக்காரிக்கு மாசம் முப்பது ரூபா சோத்துக்குக் குடுத்துடறேன். சபையில சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க."

முத்திரைத் தாளில் முன்பே எழுதி வைத்திருந்தார்கள். அழுது வீங்கிய கண்ணோடு அக்கா கையெழுத்துப் போட்டார். பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "தோட்டத்துல வளந்தவ தம்பி. கங்காணி குடுக்கற துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டோம்" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

முப்பது ரூபாய் எட்டு மாதம் வந்தது. அந்த எட்டு மாதமும் அக்கா அழகர்சாமி வீட்டில் பாத்திரம் துலக்கிச் சமையல் செய்தார். ஒன்பதாவது மாதம் பணம் வரவில்லை. மண்டிக்கே போய்க் கேட்டார். மூட்டை தூக்குகிறவர்கள், தரகர்கள் இருபது பேர் நடுவே அழகர்சாமி காலை ஆட்டிக்கொண்டே கேட்டார்: "இது என்ன தோட்டமா? மாசம் பொறந்தா சம்பளம் குடுக்க?"

மண்டி முழுக்கச் சிரித்தது. அக்கா அன்றே தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஸ்ரீரங்கத்தில் மேலூர் சாலையோரம் ஒரு கொட்டகை வாடகைக்குப் பிடித்தார். காதுத் தோட்டை விற்று ஒரு பசு வாங்கினார். தங்கையனிடம் கற்றதெல்லாம் கையில் இருந்தது. கொள்ளிடக்கரைப் புல் இருந்தது. மூன்று வருஷத்தில் பசு ஐந்தாயிற்று. உத்தர வீதியில் ஏழெட்டு வீட்டுக்கும் இரண்டு காப்பி கிளப்புக்கும் அவர் பால்தான். தண்ணீர் கலக்கமாட்டார். கடனும் சொல்லமாட்டார். அழகர்சாமியின் பெயரையும் எடுக்கமாட்டார். மறந்துவிட்டார் என்றுதான் அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள்.

மூன்று கடையில் இரண்டின் வாடகையை அந்தப் பத்திரத்தைக் காட்டி அழகர்சாமி வாங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது கடையில் ஜவுளி வியாபாரம் செய்த அப்துல் சுக்கூர் மட்டும் மசியவில்லை. 'தங்கையண்ணனுக்கு வாடகை கொடுத்தேன், இனி அக்காவுக்குக் கொடுப்பேன், நடுவில் யாரையும் எனக்குத் தெரியாது' என்று எழுதிவிட்டார். மாதம் நூறு வெள்ளியை (மலாயா டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்) ஈப்போவிலேயே அக்கா பெயருக்குத் தபால் ஆபீஸ் சேமிப்பில் போட்டு வந்தார். அக்கா அதைத் தொடவே இல்லை. பால்காசு போதும் என்றார்.

1959 ஆவணியில் வருமான வரி ஆபீஸிலிருந்து அக்காவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. வெளிநாட்டில் வாடகை வருமானம் இருந்தும் கணக்குக் காட்டவில்லை என்று தகவல் கிடைத்திருக்கிறது, நேரில் ஆஜராகவும். நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. அக்கா யாரிடமும் காட்டவில்லை. மறுநாள் காலை கொட்டகை வாசலில் அழகர்சாமி வந்து நின்றார்.

"நோட்டீஸ் வந்துச்சாமே?"

"வந்துச்சு."

"ஜெயில்ல போட்டுடுவான், பாத்துக்க. வெளிநாட்டுக் காசுன்னா வேற சட்டம். நீ அந்த நாட்டுக்காரி, உனக்கு யாரு பரிஞ்சு பேசுவா? சுக்கூர் கடை வாடகையையும் என்கிட்டயே குடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துடு. நான் பாத்துக்கறேன்."

"யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்றார் அக்கா. அவர் போனபின் அக்கா யோசித்தது ஒன்றைத்தான். நோட்டீஸ் வந்த விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்?

அந்த மத்தியானம்தான் எங்கள் ஆபீஸ் படியேறினார். நான் அப்போது தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், வருமான வரி வக்கீல் சடகோப அய்யங்காரிடம் சேர்ந்து பத்து மாதம். பச்சைமலை அடிவாரத்தில் எங்கள் ஊரிலிருந்து பி.ஏ. தேறிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

"இங்க கிராணி யாரு?" என்றார்.

மலாயாவில் கிளார்க்கைக் கிராணி என்பார்களாம். "நான் பி.ஏ.ங்க" என்றேன்.

"பி.ஏ. கிராணி. நல்லதாப்போச்சு. இதைப் படிச்சு சொல்லு தம்பி."

படித்துச் சொன்னேன். அவர் கதையைச் சொன்னார். அழகர்சாமி என்ற பெயர் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் அப்பா மருதை அந்த மண்டிக்குத்தான் கடலைக்காய் போடுவார். மூட்டைக்கு இரண்டு படி கழிவு என்று பிடித்துக்கொண்டு, மிச்சத்துக்கும் சின்ன நோட்டில் ஒரு விலை, பெரிய நோட்டில் ஒரு விலை எழுதுவார்கள். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்பா நின்ற இடம் எனக்கு இன்றைக்கும் தெரியும்.

அய்யங்கார் மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தார். "அம்மா, நீங்க பயப்படவே வேண்டாம். டேய், அந்த சட்டத்தை அம்மாவுக்கு விளங்கறாப்பல சொல்லு."

சொன்னேன். "இந்தத் தேசத்துக்குப் புதுசா வந்தவங்களுக்குச் சட்டத்துல ஒரு நிழல் இருக்குங்க. முந்தின பத்து வருஷத்துல ஒம்பது வருஷம் இங்க குடியிருந்தாத்தான் ஊரோட ஊரா சேத்துக்குவாங்க. அது வரைக்கும் வெளிநாட்டு வருமானம் வெளிநாட்டுலயே இருந்தா இங்க வரி கிடையாது. இந்தியாவுக்குள்ள கொண்டாந்தா மட்டும்தான். நீங்க வந்து நாலு வருஷம் சொச்சம்தான் ஆவுது. சுக்கூர் பாய் குடுத்தது ஈப்போவுலயே கிடக்கு. அதனால ஒண்ணும் இல்ல."

"அப்ப சர்க்கார் கணக்குல நான் இன்னும் விருந்தாளி."

"அப்படியே வச்சுக்குங்க."

அய்யங்கார் சிரித்தார். "ஒரு கடுதாசி எழுதிப் போட்டா முடிஞ்சுது."

அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு முடிய வேண்டாம் சாமி."

"என்ன சொல்றேள்?"

"இதே வாடகை எங்க மாமாவோடதா இருந்தா?"

அய்யங்கார் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அவருக்கு அந்த நிழல் இல்லீங்க. பொறந்ததுலேருந்து இங்கயே இருக்காரு. உலகத்துல எந்த மூலையில வருமானம் இருந்தாலும் காட்டணும். காட்டாம விட்டா வரி, அதுக்கு மேல அபராதம். பழைய வருஷத்துக் கணக்கையெல்லாம் திரும்பத் தோண்டுவாங்க."

"காட்டியிருப்பாரா?"

"காட்டியிருந்தா உங்க மேல மொட்டைக் கடுதாசி போட்டிருக்கமாட்டாரு. வெளிநாட்டுக் காசுன்னா வெளிநாட்டுலேருந்து வந்தவங்க கழுத்துக்குத்தான் கத்தின்னு நெனச்சுட்டாரு."

அக்கா மடியிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். கருமாதிப் பத்திரத்தின் பிரதி. "மூணு கடையும் குடும்பச் சொத்து, பெரியவரு அவருன்னு அவரே எழுதி வாங்கினது. இதை ஆபீசர் கையில குடுத்தா நான் பொய் சொன்னதாவுமா?"

அய்யங்கார் பொடி டப்பாவை மூடினார். "ஆகாது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கோ. அந்த மனுஷன், 'ஆமாம், என்னுதுதான்'னு ஒத்துண்டு வரியைக் கட்டிட்டான்னா மூணு கடையும் போயிடும். சர்க்கார் முத்திரையோட போயிடும். அப்புறம் பெருமாளே வந்தாலும் மீட்க முடியாது."

"கட்டமாட்டாரு."

"எப்படிச் சொல்றேள்?"

"அவரு வீட்டுல எட்டு மாசம் பாத்திரம் துலக்கினேன் சாமி. நெல்லுக்குதிர்ல நெல்லுக்கு அடியில கணக்கு நோட்டு பொதைச்சு வச்சிருக்காரு. மண்டியில இருக்கறது வேற நோட்டு. கடைக்காக ஒரு ஆபீசர் வாசப்படி ஏறினா, குதிர் வரைக்கும் போவான்."

என் அப்பாவின் கடலைக்காய் எந்த நோட்டில் இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கண்டோன்மென்டில் வருமான வரி ஆபீஸ். ஆபீசர் மெதுவாகப் பேசுகிற மனிதர். "இந்த வாடகை யாருடையதம்மா?" என்றார்.

"நான் சொன்னா யாருங்க கேட்டாங்க? சபையில தன்னுதுன்னு அவரு சொன்னாரு. உருமால் கட்டிக்கிட்டாரு. ரெண்டு கடை வாடகை நாலு வருஷமா அவருக்குப் போவுது. சுக்கூர் பாய் கடுதாசி இருக்கு, பத்திரம் இருக்கு. அவருதுன்னா அவருகிட்ட வரி வாங்கிக்குங்க. இல்ல என்னுதுன்னா, அதை அவரு வாயால சொல்லட்டும்."

ஆபீசர் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் துறையூர் விலாசத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மண்டிக் கணக்குகள் அத்தனையும் எடுத்துக்கொண்டு அழகர்சாமி வர வேண்டும் என்று பத்து நாள் தவணையில் சம்மன் போயிற்று.

முதல் நான்கு நாள் ஒரு சத்தமும் இல்லை. அக்கா தினம் மத்தியானம் பால் ஊற்றிவிட்டு வந்து ஆபீஸ் பெஞ்சில் உட்காருவார். ஐந்தாம் நாள், "கட்டிடுவாரோ தம்பி?" என்று கேட்டார். நான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஆறாம் நாள் அழகர்சாமி வந்தார். அதே நடை, ஆனால் சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ நம்ம மருதை மவன் இல்ல?"

"ஆமாங்க. மூட்டைக்கு ரெண்டு படி கழிவு குடுத்த மருதை மவன்தான். உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் அக்காவைப் பார்த்ததும் குரல் இளகிவிட்டது. "என்ன செல்லக்கிளி, குடும்பத்து விஷயத்தை இப்படித் தெருவுக்குக் கொண்டாந்துட்டியே. அந்த வாடகை எனக்கு வேண்டாம். வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். போதுமா?"

"போறாது ஓய்" என்றார் அய்யங்கார். "வேண்டாம்னு எழுதினா, நாலு வருஷம் உம்முதா இருந்து இப்போ விட்டதா ஆகும். நாலு வருஷத்துக்கும் நீர்தான் பதில் சொல்லணும். 'என்னுது இல்லை, எப்பவும் இருந்ததில்லை, தம்பி தன் கையால சம்பாதிச்சது, அவன் பெண்டாட்டிக்காக நான் வசூல் பண்ணிண்டிருந்தேன்'னு சத்தியம் பண்ணி எழுதணும்."

"எழுதறேன்."

"நீர் எழுதினா மட்டும் ஆபீசர் நம்பமாட்டார். 'ஆமாம், என்னுது'ன்னு அம்மாவும் எழுதணும்."

அழகர்சாமி அக்கா பக்கம் திரும்பினார். கும்பிடவில்லை, ஆனால் கை இரண்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றருகே வந்து நின்றன. "எழுதிக் குடு ஆத்தா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"எழுதறேன் மாமா. நாலு வருஷம் வாங்கின வாடகை மொத்தமும் வரட்டும். நீங்க அதை இந்தியாவுக்குள்ள கொண்டாந்துட்டதால அதுல கொஞ்சம் வரி என் பேருல விழுமாம், வருஷத்துக்கு நூறு ரூபாய்க்குள்ள. அதையும் நீங்க கட்டுங்க."

"சரி."

"பத்திரம் கிழியணும். ஆனா இங்க இல்ல. உங்க மண்டியில, சந்தை நாள்ல. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவங்க எல்லாரையும் கூப்பிடுங்க. அன்னிக்கு எந்தக் குரல்ல சொன்னீங்களோ அதே குரல்ல சொல்லுங்க."

"இது... இது அவமானம் இல்லையா?"

"ஆமா" என்றார் அக்கா.

துறையூர்ச் சந்தைக்கு நானும் போனேன். அய்யங்கார் லீவு தரமாட்டார் என்று வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். என் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தேன். மண்டி முற்றத்தில் கடலைக்காய் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் அழகர்சாமி நின்று, தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

"மாமா" என்றார் அக்கா. "அந்தக் கடைசி மூட்டைகிட்ட நிக்கறவருக்குக் கேக்கலையாம்."

கடைசி மூட்டையருகே நின்றவர் என் அப்பா. துண்டு அன்று அவர் தோளில் கிடந்தது. "ஆமாங்க, கேக்கல" என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அழகர்சாமி தலையைத் தூக்கினார். "ஈப்போவுல இருக்கற மூணு கடையும் என் தம்பி தங்கையன் சொந்தமாச் சம்பாதிச்சது. எனக்கு அதுல ஒரு செங்கல்லும் கெடையாது. எல்லாம் இவளுது."

"எவளுது?"

"செல்லக்கிளியுது."

"மலாயாக்காரியுதுன்னு சொல்லுங்க. அன்னிக்கு அந்தப் பேருதான் சொன்னீங்க."

சொன்னார். பத்திரத்தைக் கிழித்தார். அக்கா கை நீட்டினார். "உருமால்?"

"அது எதுக்கு உனக்கு?"

"என் மோதிரம் மாமா அது."

அழகர்சாமி உள்ளே ஆளனுப்பி எடுத்துவரச் செய்தார். சரிகை கொஞ்சம் கறுத்திருந்தது. அக்கா அதை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

சம்மன் தவணைக்கு முந்தின நாள் வாடகைப் பணம் மொத்தமும் வந்து சேர்ந்தது. அக்காவின் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்க நான் மேலூர் சாலைக்குப் போனேன். அக்கா பால் கறக்க உட்கார்ந்திருந்தார். கறக்குமுன் வெந்நீரில் ஒரு துணியை முக்கிப் பசுவின் மடியைத் துடைத்தார். சாணியும் சகதியும் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தன. ஓரத்தில் சரிகை மின்னியது.

"இவ்வளவு விலை குடுத்து வாங்கின துணி. நல்லாத் துடைக்குது" என்றார்.

அதற்குப் பிறகு அக்காவின் வரிக் கணக்கை நான்தான் பார்த்தேன். வாடகை ஈப்போவிலேயே சேர்ந்தது. சட்டம் அறுபத்தொன்றில் புதிதாக மாறியும் அந்த ஒன்பது வருஷம் அப்படியே இருந்தது. 1964இல் தவணை முடிந்தது. "இனிமே மூணு கடை வாடகையும் இங்க காட்டணுங்க. நீங்களும் ஊர்க்காரி ஆயிட்டீங்க" என்றேன்.

"காட்டு, ஒரு வெள்ளி விடாமக் காட்டு. ஒளிச்சு வச்சவன் நின்ன நெலையைப் பாத்தவ நான்" என்று கையெழுத்துப் போட்டார்.

அதே வருஷம் அழகர்சாமி மண்டியைப் பூட்டினார். கூட்டாளி ஏமாற்றிவிட்டான் என்றார்கள். மகன்கள் அடித்துக்கொண்டார்கள் என்றும் சொன்னார்கள். உதவி கேட்டு அக்காவுக்கு ஆள் விட்டார். அக்கா மாதம் முப்பது ரூபாய் மணியார்டர் அனுப்பினார். நான்தான் பாரம் எழுதினேன். இளகிவிட்டார் என்று நினைத்து, பாராட்டாகக்கூட இரண்டு வார்த்தை சொன்னேன்.

எட்டு மாதம் எழுதினேன். ஒன்பதாவது மாதம் பாரத்தை எடுத்துக்கொண்டு போனபோது, "வேண்டாம் தம்பி" என்றார்.

பத்து நாள் கழித்து அழகர்சாமியே வந்தார். தடி ஊன்றி, கொட்டகை வாசலில் நின்றார். உள்ளே காப்பி கிளப் ஆட்கள், பால் வாங்க வந்த பெண்கள், பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அக்கா பசுவின் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

"என்ன மாமா? இது என்ன தோட்டமா? மாசம் பொறந்தா சம்பளம் குடுக்க?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அதனால் யாரும் சிரிக்கவில்லை. புரிய வேண்டியவருக்குப் புரிந்தது. அவர் தடியை ஊன்றித் திரும்பி, கொள்ளிடப் பக்கம் நடந்தார்.

"பாவமா இல்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். பால் செம்பில் சர் சர்ரென்று விழுந்துகொண்டிருந்தது.